அண்ட் சன்ஸ்

டவுன் ஹால் ரோட்டில்
லாட்ஜுக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே
இன்னும் தொங்குகிறது எங்கள் பலகை:
எஸ். தனிஸ்லாஸ் அண்ட் சன்ஸ்.
அடியில் 'ஒயின்ஸ்' என்ற சொல்லின் மேல்
நாற்பத்தெட்டில் பூசிய தார்
வெயிலுக்கு வெயில் கொஞ்சம் உருகி
எழுத்தைக் காட்டிக்கொடுக்கிறது.
படியேறி வந்து குவார்ட்டர் கேட்கிறார்கள்.
பூசைக்கு மட்டும்தான் என்கிறான் தம்பி.
எந்தக் கோயில் பூசைக்கு என்கிறார்கள்.

தனிஸ்லாஸ் விற்றது மில் துரைகளுக்கு.
புதுச்சேரியிலிருந்து ரயிலேறி வரும்,
வைக்கோல் சுற்றிய ஷாம்பேன்.
பழைய பேரேட்டில் கணக்கப்பிள்ளை
'சாம் பேன், பெட்டி ரெண்டு' என்று
பிரித்து எழுதியிருக்கிறார்,
யார் தலையிலோ ஊர்ந்ததுபோல.

விற்கிறவன் குடித்தால்
கடை அவனைக் குடித்துவிடும் என்று
மாதா கோயிலில் மெழுகுதிரி பிடித்துச்
சத்தியம் செய்தாராம்.
மகன்களைச் செய்யவைத்தார்.
அவர்கள் தங்கள் மகன்களை.
நாக்கில் ஒரு சொட்டுப் படாமல்
மாடிமேல் மாடி கட்டினார்கள்.
நற்கருணையில் ரசம் நீட்டினால்கூட
அப்பம் போதும் சாமி.

அப்படியானால் ருசி பார்த்தது யார்?
பேரேட்டில் இல்லை.

மதுவிலக்கு வந்தது. துரைகள் போனார்கள்,
சொல்லிவைத்த பன்னிரண்டு புட்டியை
எடுத்துப்போகாமலே.
பலகைக்குத் தார், கைக்குப் பர்மிட்,
கம்பத்திலிருந்து கூடை கூடையாகப்
பன்னீர்த் திராட்சை.
மூத்த மருமகள் சூசையம்மாளிடம்
யாரும் சத்தியம் கேட்கவில்லை.
பொம்பளைக்கு எதுக்கு என்று விட்டிருந்தார்கள்.
பின்கட்டில் அவள்
பீப்பாய்க்குள் விரல் விட்டு நக்கினாள்.
"இன்னும் ரெண்டு நாள் கிடக்கட்டும்."
"இது சாமியாருக்கு ஆகாது,
ஊறுகாய்க்காரனுக்குக் கொடு."
கடை நின்றது இதன்மேல்தான்.
ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் வரும்:
'தங்கள் ரசம் இவ்வாண்டு மிகத் தெளிவு.'
பெறுநர், தனிஸ்லாஸ் அண்ட் சன்ஸ்.

அடுத்து பெரியம்மா திரேசம்மாள்.
நாக்குக் கெடும் என்று காபி குடிக்கமாட்டாள்.
மூக்குக் கெடும் என்று மல்லிகை வைக்கமாட்டாள்.
மதுரையில் பூ வைக்காத சுமங்கலி.
தெரு என்னென்னவோ பேசியது.

துரைகளின் புட்டிகள் பரணில் கிடந்தன.
அழகரைப் பார்க்க ஊரே
ஆற்று மணலில் காத்துக் கிடந்த
ஒரு சித்திரை ராத்திரி,
ஆண்களும் அங்கே போயிருக்க,
பெரியம்மா ஒன்றைத் திறந்தாள்.
அம்மா, ரெண்டு அத்தைகள்,
பாத்திரம் துலக்கும் மூக்காயி,
ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர்.
மூடி எகிறி உத்தரத்தில் அடித்தது.
வேட்டுப் போட்டாச்சு, சாமி வந்தாச்சு என்று
தெருவில் யாரோ ஓடினார்களாம்.

எப்படிம்மா இருந்தது?
"துருப்பிடிச்ச ஆணியைத்
தேன்ல போட்ட மாதிரி."
பெரியம்மா மட்டும் கண்ணை மூடி
வெகுநேரம் வாயில் வைத்திருந்து சொன்னாளாம்:
"வெயில் கெடுத்துடுச்சு.
ஆனா நல்ல குடும்பத்துப் பழம்."

உத்தரத்துக் கறையைப் பார்த்துப் பெரியப்பா
கொத்தனாரைக் கூப்பிட்டு ஓடு மாற்றினார்.
சித்திரையில் என்ன ஒழுகல் என்று
அவரும் கேட்கவில்லை, கொத்தனாரும் கேட்கவில்லை.

இப்போது பீப்பாய்க்கு நான் வருகிறேன்,
பள்ளிக்கூடம் விட்டபிறகு,
சாக்பீஸ் கையைக் கழுவிவிட்டு.
தம்பி கருவியை முக்கிப் பார்ப்பான்,
அப்புறம் என்னைப் பார்ப்பான்.

நேற்று பாகப்பிரிவினை.
கடை அவனுக்கு, வீடு சித்தப்பா மகன்களுக்கு.
பத்திர எழுத்தர் கண்ணாடிக்கு மேலே பார்த்து
"அக்காவுக்கு?" என்றார்.
பரணில் இருப்பது என்றேன்.
அந்தக் காடியா என்று சிரித்தான் தம்பி.
புட்டிகள், பழையது, பதினொன்று
என்று எழுதினார் எழுத்தர்.

பத்து என்று
திருத்தச் சொன்னேன்.